ஆறு மணிக்கு ஒரு மஞ்சள் கதவு

"டெல்வின், கையை எடு! மேகத்து மேல வைக்கச் சொன்னா எங்க வச்சிருக்க பாரு!"

காதுக்குள் மாட்டியிருந்த குமிழில் நோரீனின் குரல் அலறியபோது, டெல்வின் நேரலையில் ஆறு மணி வானிலை சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தது வெறும் பச்சைத் துணி. அதில் என்ன படம் தெரிகிறது என்பது வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். டெல்வினுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஓரக்கண்ணால் பக்கத்திலிருக்கும் டிவியைப் பார்க்க வேண்டும்.

பார்த்தான். தூக்கிவாரிப் போட்டது.

ஸ்டேஷன் கோபுரத்தின் உச்சியில் இருந்த கேமராவுக்கு அந்த வாரம்தான் தூரத்தை இழுத்துக் காட்டும் புது லென்ஸ் மாட்டியிருந்தார்கள். அது கட்டர் ப்ளஃப் ஊருக்கு வடக்கே இருக்கும் மேட்டைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு கருமேகம். அதற்குக் கீழே ட்வைலாவின் வீடு. கூரைமேல் அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது நட்டுவைத்த நெட்டை ஆன்டெனா. வாசலில் ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி. அந்த நீல வண்டிக்கு ஒரே ஒரு கதவு மட்டும் மஞ்சள். டெல்வினின் ஆள்காட்டி விரல் சரியாக அந்த மஞ்சள் கதவின் மேல் இருந்தது.

"மதியத்திலிருந்து இதே இடத்தில்தான் நிற்கிறது. இப்போதைக்கு நகரும் என்று தோன்றவில்லை" என்று அவன் வாய் மேகத்தைப் பற்றித் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மேற்கு மூலையில் ஆளின் முகத்தை மறந்தாலும் மறப்பார்களே தவிர, வண்டியை மறக்க மாட்டார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் வழக்கமெல்லாம் கிடையாது. அதிலும் இது டெல்வின் வேலை பார்க்கும் ஏழாம் சேனலின் மேலாளர் மெர்லுடைய வண்டி. அவருடைய காளை ஒன்று என்ன கோபத்திலோ முட்டிக் கதவைப் பெயர்த்துவிட, பழைய இரும்புக் கடையில் கிடைத்த மஞ்சள் கதவை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று மாவட்டத்தில் அதற்கு ஜோடி கிடையாது.

ட்வைலாவோ கணவனை இழந்தவள். கொலாச்சி ரொட்டி சுடுவதில் பேர் போனவள். சிரித்தால் இன்னமும் கன்னத்தில் குழி விழும்.

டெல்வின் காது மடலை இழுத்துக் காட்டினான். கேமராவைத் திருப்பு என்று அர்த்தம். கட்டுப்பாட்டு அறையில் நோரீன் ஒருத்திதான்; கேமராவை ஆட்டுவதும் அவள், விளம்பரம் போடுவதும் அவள், போன் எடுப்பதும் அவள். பதற்றத்தில் அவள் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினாளோ, கேமரா திரும்பவில்லை. வண்டியை நோக்கிப் பாய்ந்தது. நம்பர் பலகை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் தெரிந்தது: 'எங்கள் வீட்டில் ஏழாம் சேனல் மட்டும்!'

வேறு வழி தெரியாமல் டெல்வின் இரண்டடி நகர்ந்து, தன் உடம்பாலேயே வண்டியை மறைத்துக்கொண்டு நின்றான். மிச்ச வானிலை முழுவதையும் அந்த இடத்தைவிட்டு அசையாமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சொல்லி முடித்தான். வரைபடம் வந்தபோதும் நகரவில்லை. அன்றைக்கு வடக்கு மாவட்டங்களுக்கு வானிலையே கிடைக்கவில்லை.

விளம்பரம் போட்டதும் அவன் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினான். போனின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னிக்கொண்டிருந்தன.

"யக்கா, என்ன காரியம் பண்ணிட்ட!"

"நான் பண்ணினதா? விரலை வச்சுக் காட்டினது நீ!" என்ற நோரீன் ஒரு போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏம்மா, நான் கேக்கல. என் வீட்டுக்காரிதான் கேக்கச் சொன்னா. மெர்லுக்கு ட்வைலா வீட்டுல என்ன வேலை?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "நான் எங்க கேக்கச் சொன்னேன்? வாய்ல இருக்கிறத முழுங்காமகூட ஓடிப்போய் போன எடுத்தது நீ!"

டெல்வின் அவசரமாக அந்த போனைத் துண்டித்தான். காரணம் இருந்தது. அவன் மூன்று வருஷ ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் காகிதம் மெர்லின் மேசைமேல் கிடந்தது. நாளைக் காலை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் இரண்டு ஸ்டேஷன்களில் அவனை வேலையைவிட்டு அனுப்பியாகிவிட்டது. இதிலும் போனால் மாமனாரின் பன்றிப் பண்ணைதான். மாமனார் ஏற்கெனவே அவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார்.

ஸ்டேஷன் மெர்லுடையது அல்ல. அவர் மனைவி லவான் அம்மாளுடைய அப்பா, கையால் குழி தோண்டிக் கோபுரம் நட்டு, நாடு முழுக்க நிகழ்ச்சி அனுப்பும் பெரிய நெட்வொர்க்குடன் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தொலைவில் இருக்கும் பெருநகரத்தின் பதினோராம் சேனலை இந்தப் பள்ளத்தாக்குக்குள் எட்டிப் பார்க்கவிடாமல் கேபிள்காரனிடம் சண்டை போட்டு நிறுத்தியவரும் அவர்தான். லவான் அம்மாளுக்கு அப்பாவின் ரத்தம். போன வருஷம் வான்கோழி விருந்தன்று, சொந்தத் தங்கை புருஷன் வாய்தவறிப் பதினோராம் சேனலில் பார்த்த கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டான். தட்டோடு எழுப்பி வெளியே அனுப்பிவிட்டாள். அவன் மிச்ச வான்கோழியைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அந்த லவான் அம்மாளுக்கு டெல்வினைக் கண்டால் ஆகாது. "பல்லு வரிசையா இருக்கிற ஒரு பையனாப் பாருங்க" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊர்க்காரர்களும் அவனை 'மழைக்காரன்' என்று கூப்பிட்டதில் மரியாதை எதுவும் இல்லை. அவன் வெயில் என்று சொன்ன நாளில் புல்லை அறுத்துப் போட்டு, நனைந்து, அழுகி, மாடுகூட மோந்து பார்க்காமல் போன கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு.

மெர்ல் ஒருவர்தான் அவன் பக்கம். "நான் ஆறு மணிக்கு வீட்டுல லவான் பக்கத்துல உக்காந்து உன்னைத்தான் பாக்கறேன் டெல்வின். உன்னப் பாக்காட்டி எனக்குச் சாப்பாடு எறங்காது" என்பார். வாய்ப்பேச்சு மட்டுமல்ல, ஊர்ப் புல்லெல்லாம் நனைந்த கோடையிலும் மெர்லின் புல் ஒரு கட்டுகூட நனைந்ததில்லை. காபிக் கடையில் யார் கிண்டல் செய்தாலும் டெல்வின் இதைத்தான் சொல்வான்: "மெர்ல் புல்லு நனைஞ்சிருக்கா? அவரு நான் சொல்றதக் கேக்கறாரு. நீங்க காதுல வாங்காம போய் அறுத்துட்டு என்னக் குத்தம் சொல்றீங்க!"

தன்னை நம்பிய ஒரே மனிதரைத் தன் விரலாலேயே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ட்வைலா வீட்டுக்கு போன் போடு. முதலாளியக் கிளம்பச் சொல்லு!"

"போட்டுட்டேன். ரிசீவர எடுத்துக் கீழ வச்சிருக்காங்க."

"எடுத்துக் கீழயா? எதுக்கு?"

நோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுதானே?"

செய்தி வாசிக்கும் கேலன் உள்ளே எட்டிப் பார்த்தார். நரைத்த தலை, கலையாத முடி, கல்லுமாதிரி முகம். "விளையாட்டுச் செய்தி முடியப் போகுது. ஆறரைக்கு நெட்வொர்க்காரன் நிகழ்ச்சி வந்துடும். அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் உள்ள நுழைய முடியாது. ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லு."

டெல்வின் ஓடிப்போய்க் கேமரா முன்னால் நின்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

"அன்பான நேயர்களே, ஒரு சின்னத் திருத்தம். சற்றுமுன் நீங்கள் பார்த்த வடக்கு மேட்டின் காட்சி நேரலை அல்ல. அது நேற்று மாலை எடுத்த படம். தவறுக்கு வருந்துகிறோம்."

அப்பாடா என்று திரும்பியவன் காதுக்குள் நோரீன் சொன்னாள்: "எல்ட்ரெட் லைன்ல இருக்காரு. மாட்டுப் பண்ணைக்காரங்க சங்கத் தலைவரு."

டெல்வின் ஓடி வந்தபோது எல்ட்ரெட்டின் குரல் கட்டுப்பாட்டு அறையையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. "நேத்தா? நேத்து சாயங்காலம் எங்க சங்கக் கூட்டத்துக்கு மெர்ல்தான் சிறப்பு விருந்தாளி! பல்லு வலி, வாயத் தொறக்க முடியலன்னு சொல்லி அனுப்பினான். அவனுக்காக அறுத்த கன்னுக்குட்டிய நாங்க தின்னு தீக்க வேண்டியதாப் போச்சு! பல்லு வலிக்கு ட்வைலா வீட்டுலயா வைத்தியம்?"

"ஐயா, அது வந்து..."

"இன்னிக்கு மட்டும்னா பரவாயில்ல, ஏதோ பைப்பு ரிப்பேர்னு நெனச்சிருப்பேன். நேத்தும்னா அது என்ன பைப்பு?"

போனை வைத்தார். மிச்ச எல்லா விளக்கும் இன்னும் வேகமாக மின்னின.

"இரு, இரு" என்று டெல்வின் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். "இப்ப நேரலைன்னு சொல்லி, வண்டி இல்லாத படம் ஒண்ணக் காட்டிட்டா தீந்துது. பழைய டேப்பு இருக்கில்ல? போன வருஷம் ஜூன் மாசம் எடுத்தது? அதப் போடு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"யக்கா, எனக்குப் பன்னின்னா அலர்ஜி."

நோரீன் பெருமூச்சு விட்டு டேப்பை எடுத்தாள். டெல்வின் மறுபடியும் பச்சைத் துணிக்கு முன்னால் போய் நின்றான். "இதோ, இந்த நிமிடத்தில் நம் ஊரின் நேரடிக் காட்சி! வானம் தெளிவு. மேட்டில் காற்றைத் தவிர வேறு யாரும் இல்லை!"

கேலனின் கல் முகம் முதல்முறையாக அசைந்தது. அவர் டிவியைப் பார்த்தார். டெல்வினைப் பார்த்தார். மறுபடியும் டிவியைப் பார்த்தார்.

படத்தில் ஊரின் நடுவே பெரிய தானியக் கிடங்கு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. மார்ச் மாதம் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்க, வெடிவைத்து இடித்துத் தரைமட்டமாக்கிய அதே கிடங்கு. அது போகட்டும். வடக்கு மேட்டில், ட்வைலா வீட்டு வாசலில், பழைய லென்ஸில் பொட்டுப்போல, ஆனால் கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு நீலம். அந்த நீலத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள்.

அந்தப் படத்தைப் போன வருஷம் டெல்வினே பலமுறை காட்டியிருக்கிறான். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அதைத் தவிர வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

"போன வருஷத்துலேருந்தா!" என்று நோரீன் காதுக்குள் கிசுகிசுத்தாள். அவளுக்கே அதிர்ச்சி.

"வேற படம்! வேற எதாவது போடு!" டெல்வின் நேரலையில் இருப்பதையே மறந்து கத்திவிட்டான்.

நோரீன் கைக்கு அகப்பட்டதைப் போட்டாள். ஊர், மேடு, ட்வைலா வீடு, சுத்தமான வாசல். வண்டி இல்லை. டெல்வின் இரண்டு கைகளையும் தூக்கி, "பார்த்தீர்களா!" என்றான்.

"பார்த்தோம்" என்றார் கேலன், செய்தி மேசையிலிருந்து. "ஜூன் மாதத்தில் நல்ல பனி."

ஊர் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. கூரையெல்லாம் வெள்ளை. யாரோ ஒருவர் மண்வெட்டியால் பாதையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வணக்கம்" என்றார் கேலன். ஆறரை ஆனது. நெட்வொர்க்காரன் வந்துவிட்டான்.

அடுத்து வந்த போனில் பேசிய கிழவருக்கு ஏமாற்றம். "அப்ப குளிர்காலத்துல போறதில்லையா? கோடைக்கு மட்டும்தானா? என்னய்யா இது, ஆட்டுக்குக்கூட இப்படி ஒரு கணக்குக் கிடையாதே!"

டெல்வின் நாற்காலியில் சரிந்தான். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நோரீன் போனை வைத்தாள். கேலன் சத்தமில்லாமல் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லவான் அம்மாள் சமையல் ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"தினம் ஆறு மணிக்கு மெர்ல் இங்கதான் இருக்கறதா எங்கிட்ட சொல்றாரு" என்றாள். "உங்ககிட்ட என்ன சொல்றாரு?"

நோரீன் டெல்வினைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன், மழைக்காரா."

"வீட்டுல... உங்க பக்கத்துல உக்காந்து... என்னப் பாக்கறதா..." என்றான் டெல்வின்.

லவான் அம்மாள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வண்டிய எடு."

"எந்த வண்டி மேடம்?"

"உன் மூஞ்சி வரைஞ்ச வண்டி. ஊருக்கே வழி காட்டினவன் நீதானே, எனக்கும் காட்டு."

ஸ்டேஷன் வேனின் பக்கவாட்டில் டெல்வினின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, 'டெல்வின் சொன்னால் நடக்கும்' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே புழுதியில் யாரோ விரலால் 'என்னைக்கு?' என்று எழுதியிருந்தார்கள்.

டெல்வின் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். அதற்குள் மெர்ல் கிளம்பிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. கையில் செல்போன் வைத்துக்கொண்டு திரிகிற காலம் அந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னும் வந்திருக்கவில்லை, எச்சரிக்கவும் வழியில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு பிக்கப் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆற்றுப் பாலம் தாண்டும்போது அது ஊர்வலமாகியிருந்தது. முதல் வண்டி எல்ட்ரெட்டுடையது.

"எங்கப்பா இந்தக் கல்யாணத்துக்கு ஏன் சம்மதிச்சாரு தெரியுமா?" என்றாள் லவான் அம்மாள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "'படிப்பு சுமார், நிலம் சுமார், ஆனா ஏழாம் சேனலைத் தவிர வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காத பய'ன்னு சொன்னாரு. அந்த ஒண்ணுக்காகத்தான் கட்டி வச்சாரு."

"முதலாளி நல்லவரு மேடம்" என்றான் டெல்வின், மனசார. "ஊர்ல ஒருத்தன் என்ன நம்பல. அவரு நம்பினாரு. நம்பிப் புல்லு அறுத்தாரு. அப்படிப்பட்ட மனுஷன் துரோகம் பண்ணுவாரா?"

"அது உண்மைதான்" என்று முதல்முறையாக அவள் குரல் இளகியது. "அவரு புல்லு நனைஞ்சதே இல்ல. உன்ன நான்தான் தப்பா நெனச்சுட்டேன்னுகூடத் தோணும்."

அந்தக் கலவரத்திலும் டெல்வினுக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்று வருஷத்தில் லவான் அம்மாள் அவனைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மேட்டுப் பாதை மெர்லின் வயலை ஒட்டிப் போனது. மற்றவர்கள் நிலத்தில் அறுத்த புல் திறந்து கிடக்க, மெர்லின் புல் கட்டுகள் மட்டும் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தன. டெல்வின் புருவத்தைச் சுருக்கினான். இன்றைக்கு மழை கிடையாது என்றுதானே நேற்றே சொன்னேன்? அந்த நேரம் பார்த்து முன்கண்ணாடியில் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. பறவை எச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நீல வண்டி அசையாமல் அங்கேயே நின்றது. மஞ்சள் கதவு மாலை வெளிச்சத்தில் பளபளத்தது.

பின்னால் வந்த பண்ணைக்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். அடுத்தவன் வீட்டு விஷயத்தில் தலையிட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி வண்டிகளை நிறுத்தி, இறங்கி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, எல்லோரும் ஒன்றாக மேகத்தைப் பார்த்தார்கள்.

லவான் அம்மாள் படியேறினாள். டெல்வின் பின்னாலேயே போனான். கொசுவலைக் கதவுக்கு உள்ளே மின்விசிறியின் இரைச்சல்; அதற்குள் யாரோ தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது கேட்டது. பிறகு மெர்லின் குரல் தெளிவாகக் கேட்டது, உருகி வழிந்துகொண்டு.

"ஆஹா... ரெண்டாந்தடவ சொன்னாலும் இனிக்குது. இதக் கேக்கத்தான் நாள் பூரா ஏங்கிக் கெடந்தேன். என்ன இதமா, என்ன பக்குவமா... எங்க வீட்டுப் பக்கம் இப்படி ஒரு வார்த்த கேக்கக் குடுத்து வைக்கலியே!"

லவான் அம்மாளின் முகம் வெளுத்தது. டெல்வின் கண்களை மூடிக்கொண்டான். கண்ணுக்குள் இரண்டு ரப்பர் பூட்ஸ் தெரிந்தன.

அவள் கதவை ஓங்கித் தட்டினாள்.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். முணுமுணுப்பு சட்டென்று நின்றது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. கழுத்தில் துண்டு செருகி, மீசையில் ரொட்டித் துகளோடு மெர்ல் கதவைத் திறந்தார்.

மனைவியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். கடைசியாக டெல்வினைப் பார்த்தார். டெல்வினைப் பார்த்தபோதுதான் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாவட்டம் முழுக்கப் பார்த்துவிட்ட ஏழாம் சேனல் ஆறு மணிச் செய்தியைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான் என்பது நன்றாகத் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றாள் லவான் அம்மாள். "கோடைக்குக் கோடை இந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை? உண்மையச் சொல்லுங்க. எங்கப்பா மேல சத்தியமாச் சொல்லுங்க."

மெர்லின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நெருப்பு இருந்தால் எதில் குதிப்பது என்று கணக்குப் போடுகிற முகம். பிறகு பொத்தென்று மண்டியிட்டார்.

"லவான், இனிமே மறைக்க முடியாது. எனக்கும் ட்வைலாவுக்கும் ரெண்டு வருஷமாப் பழக்கம்!"

பண்ணைக்காரர்கள் மேகத்தை மறந்துபோனார்கள். எல்ட்ரெட்டின் தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. லவான் அம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். டெல்வின் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஒப்பந்தம் போயிற்று, முதலாளி போயிற்று, தன் வாக்கை வேதமாக எடுத்துக்கொண்ட ஒரே ஜீவனும் போயிற்று.

"முதலாளி, அப்படிச் சொல்லாதீங்க!" என்று அவன் அழுதேவிட்டான். "நீங்க அப்படிப்பட்டவரு இல்ல!"

"நான் அப்படிப்பட்டவன்தான் டெல்வின்" என்றார் மெர்ல் அவசர அவசரமாக. "பெரிய காமுகன். உள்ள மட்டும் யாரும் போக வேண்டாம். நானே வந்துடறேன். கௌம்பலாம், கௌம்பலாம்."

மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று கூரையில் அறைந்தது. கீழே வயல்களில் திறந்து கிடந்த புல்லெல்லாம் நனையத் தொடங்கியது. வேனின் மேல் சிரித்துக்கொண்டிருந்த டெல்வினின் முகத்தில் புழுதி கரைந்து கோடு கோடாக வழிந்தது.

ஒரு கையில் கொலாச்சித் தட்டும் மறு கையில் டிவி ரிமோட்டுமாக ட்வைலா வெளியே வந்தாள். மண்டியிட்டிருந்த மெர்லைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த லவான் அம்மாளைப் பார்த்தாள். பிறகு டெல்வினிடம் திரும்பி, தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

"பழக்கமாவது, மண்ணாவது! நீ மனசுல வச்சுக்காதப்பா, ஒண்ணு எடுத்துச் சாப்பிடு. இந்த மனுஷன் புல்லு அறுப்பு வந்துட்டா ஆறு மணிக்கு இங்க ஓடி வர்றது, என் ஆன்டெனாவுல மட்டும் தெரியற பதினோராம் சேனல்காரன் மழை வரும்ங்கறானா வராதுங்கறானான்னு பாக்கத்தான்!"